இரும்பு மாத்திரையும் தே ஓவும்

என் கையால் கலக்கிய தேத்தண்ணியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. தற்பெருமை என்று நினைப்பவர்கள் புந்தோங்கில் எங்கள் ஒட்டுக்கடைக்கு வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அப்புறம் பேசட்டும். நான் நாக்கில் வைத்துப் பார்க்கிறவன் இல்லை. கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். சாயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தூள் பழசா புதுசா, தண்ணி ஒழுங்காகக் கொதித்ததா, எல்லாம் நிறத்திலேயே தெரிந்துவிடும். இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான், பக்கத்தில் நின்று வேலை செய்த என் மனைவியின் முகம் வெளுத்துக்கொண்டே போனதை இரண்டு வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் தண்ணி என் பக்கம், நெருப்பு அவள் பக்கம். காலையில் தோசையும் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கும், பதினொரு மணிக்கு மேல் சோறும் குழம்பும், மூன்று மணிக்கு நூடுல்ஸ் பிரட்டி மீ கோரிங். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். குனோங் ராபாட் வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரே மோட்டாரில் திரும்புவோம். அவள் ஆறடி இடத்துக்குள் நின்றுகொண்டு அத்தனை சட்டிகளையும் மேய்ப்பாள். அந்த வேலையை ஒரு நாள் நான் செய்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் முதுகு விட்டுப்போச்சு.

அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. என் ஐஸ் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளி வாயில் போட்டு மடமடவென்று கடிப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது. சில நாள் மூட்டையிலிருந்து ஒரு பிடி பச்சரிசியையும் வாயில் போட்டுக்கொள்வாள். "உன் வாய்க்குள்ள என்னா, ஐஸ் ஃபேக்டரியா நடக்குது?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கிண்டல் செய்வேன். அவர்களும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். படியேறினால் மூச்சு வாங்குவதை அவள் வயசின் மேல் போட்டாள். நான் அவள் எடையின் மேல் போட்டேன்.

ஒரு நாள் காலை நெரிசலில், கையில் தோசைக் கரண்டியோடு, அவள் அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. கல்லில் தோசை கருகுகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். தோசை கருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனுஷியில்லை அவள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கிளினிக்கில் டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, அதனால் மாதாமாதம் ஏகப்பட்ட ரத்தம் போகிறது, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் உடம்பில் ரத்தம் ஏழுதான் இருக்கிறது, பத்துக்கு ஏறினால்தான் கத்தி வைப்பார்களாம். அதற்கு இரும்பு மாத்திரை. தினமும் சாப்பிடச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

"இரும்புச் சத்துதானே, ஏத்திரலாம் லா" என்று வெளியே வந்து அவளிடம் மார்தட்டினேன். கோட்டை கட்டப் போகிறவன் மாதிரி சாமான் சேர்த்தேன். ஈரல் வாங்கினேன். பசாரில் கெராங் வாங்கிவந்து அவித்துக் கொடுத்தேன். சிப்பியைத் திறந்தால் ரத்தம் மாதிரியே வடியும், அதில் இல்லாத இரும்பா? முருங்கைக்கீரை, கங்கோங் கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் துணையாக, அவளுக்கென்றே தனியாக ஒரு தே ஓ. பால் இல்லாமல், சீனி குறைத்து, சாயம் நல்லாக் கூட்டி. கடையில் எவனுக்கும் போடாத முதல் சாயம் அது.

மாத்திரையைத் தேத்தண்ணியில் முழுங்குவது எங்கள் இருவருக்கும் பிறவிப் பழக்கம். இருவரும் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். இன்றைக்கு அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அந்தக் காலத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தென்றால் கசப்பு, கசப்பென்றால் பின்னாலேயே சூடாக ஒரு மங்குத் தேத்தண்ணி. வெறுந்தண்ணியில் முழுங்கினால் குமட்டும், சூட்டில் முழுங்கினால்தான் கரைந்து உடம்பில் சேரும் என்பது யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்த விஷயம். சோற்றோடும் அதேதான். இடது கைப்பக்கம் ஒரு கிளாஸ் தேத்தண்ணி இல்லாமல் அவள் சாப்பிட உட்கார்ந்ததே கிடையாது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஏழு, ஏழாகவே இருந்தது. இன்னும் மூன்று மாதம் கொடுத்தார்கள். அப்போதும் ஏறவில்லை, ஒரு புள்ளி இறங்கியிருந்தது. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த தடவையும் ஏறவில்லையென்றால் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். அது அவளுக்குப் பெரிய பயம். "எவன் ரத்தமோ, என்னா குணமோ. உங்க கூடவே குப்பை கொட்ட முடியல, இதுல இன்னொருத்தன் வேறயா?" என்று வேடிக்கையாகத்தான் சொன்னாள். மோட்டாரில் வரும்போது பின்னாலிருந்து என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு வேறு பயம். அவள் முன்னால் எப்போதும் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. அன்றைக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள், இன்னொரு நாள் எதன் மேல் விழுவாள்? அவள் போய்விட்டால் என்ற நினைப்பு அந்த வாரத்தில்தான் முதன்முதலாக எனக்குள் வந்தது. வந்தது போகவேயில்லை.

பயந்தவன் புத்தி எங்கே போகும்? அவள்மேல் சந்தேகப்பட்டேன். மாத்திரை சாப்பிட்டால் வயிறு கட்டிக்கொள்கிறது என்று முனகிக்கொண்டிருந்தாளே, சாப்பிடாமல் தூக்கிப் போட்டுவிடுகிறாளோ என்று வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவள் கத்தவில்லை. "கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் தே ஓவை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நான் கலக்கி வைத்த தே ஓ. மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கினாள். அது துள்ளிப்போய் கிளாஸுக்குள் விழுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் மோட்டாரை நிறுத்தி, "அக்கா, நாலு மீ கோரிங் புங்குஸ்!" என்றார். எழுந்து போய்விட்டாள். நாலு பொட்டலமும் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், இரண்டு நாள் விரதத்தை முறித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. கிளாஸுல என்னா ஊத்துனீங்க?"

போய்ப் பார்த்தேன். தே ஓ கறுத்திருந்தது. சாயம் கூடிய கறுப்பில்லை. எழுதுகிற மை மாதிரி, அடியும் தெரியாத, வெளிச்சமும் நுழையாத கறுப்பு. வழக்கம்போல் கிளாஸை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தேத்தண்ணியின் எல்லா நிறத்தையும் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை.

முதலில் தண்ணியைச் சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் சுண்ணாம்பு மலையடிவாரத்தில் ஊற்றுத் தண்ணி வருகிறது. ருசிக்காக அவளுடைய தே ஓவுக்கு மட்டும் அதைக் கேனில் பிடித்து வருவேன். அதனால் குழாய்த் தண்ணியில் ஒன்று, மலைத்தண்ணியில் ஒன்று என்று புதிதாக இரண்டு கிளாஸ் கலக்கினேன். மூன்றாவதில் வெறும் சுடுதண்ணி. மூன்றிலும் ஒவ்வொரு மாத்திரை போட்டேன். நாங்கள் இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவி பார்ப்பது மாதிரி அந்த மூன்று கிளாஸையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாத்திரையின் மேல்தோல் உரிந்தது. அதிலிருந்து கறுப்பு ஒரு நூலாக இறங்கியது. பிறகு புகை மாதிரி பரவியது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி இருந்த இரண்டு கிளாஸும் மையாகிவிட்டன. சுடுதண்ணி கிளாஸ் மட்டும் செம்மண் கலங்கின மாதிரி சும்மா இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாமல், ஒரு சின்ன உருண்டை என் கண் முன்னால் வாயைத் திறந்து பேசிவிட்டது. மாத்திரை பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று பிடித்து வைத்துக்கொண்டது என் சாயம். கெராங்கில் இருந்ததையும் கீரையில் இருந்ததையும்கூட அதே சாயம்தான் விடாமல் பிடித்திருக்கும். ஆசையாசையாகச் சாயம் கூட்டிக் கூட்டிக் கொடுத்தேனே! வேலியே பயிரை மேய்ந்த கதை வேறு எங்கேயோ நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அந்தக் கறுப்புத் தேத்தண்ணியை, புங்குஸ் கட்டுகிற பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டி, கிளினிக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுக்கிற கண்ணாடி ஜன்னலில் ஒரு மலாய்க்காரப் பெண். பையை நீட்டினேன். தனக்குத்தான் ஏதோ குடிக்க வாங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்து, கூச்சப்பட்டுக் கையை ஆட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், என்னை மாதிரியே. பிறகு என் மனைவியைப் பார்த்து மலாயில் கேட்டாள்.

"ஆண்ட்டி, இத்தனை மாசமும் மாத்திரையைத் தேத்தண்ணியிலயா சாப்பிட்டீங்க?"

இவள் குற்றவாளி மாதிரி தலையாட்டினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எங்கள் கையிலிருந்த மாத்திரைப் பையைத் திருப்பி, பின்பக்கம் விரலை வைத்துக் காட்டினாள். தேநீர், காப்பி, பாலோடு சாப்பிடக்கூடாது என்று சின்ன எழுத்தில் அச்சடித்தே இருந்தது. ஆறு மாதமாக அந்தப் பை எங்கள் தட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த ஜென்மங்கள் நாங்கள்.

"அப்ப தேத்தண்ணியே குடிக்கக்கூடாதா?" என்று இவள் கேட்டாள். ஆபரேஷனைப் பற்றிக் கேட்டபோதுகூட அத்தனை பரிதாபமான குரல் அவளுக்கு வரவில்லை. குடிக்கலாம், மாத்திரையோடும் சாப்பாட்டோடும் மட்டும் வேண்டாம், முன்னே பின்னே இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்தப் பெண். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணியில் விழுங்கச் சொன்னாள், புளிப்பு இரும்பை உள்ளே கூட்டிப் போகுமாம். கையெழுத்துப் போட்டு மறுபடியும் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். கறுப்புத் தேத்தண்ணிப் பையை அந்தப் பெண்ணே வைத்துக்கொண்டாள், மற்றவர்களுக்குக் காட்டுவதற்காம்.

சொல்வது சுலபம். முதல் வாரம் அவளுக்குத் தலைவலி, எரிச்சல், கோபம். தேத்தண்ணி இல்லாத சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்ப்பாள். "தொண்டையிலயே நிக்குது. என்னா வாழ்க்கை இது!" என்பாள். எனக்கு அதைவிடக் கஷ்டம். ஊருக்கெல்லாம் கலக்கிக் கொடுத்துவிட்டு, அவள் முன்னால் எலுமிச்சைத் தண்ணியைக் கொண்டுபோய் வைக்கிறபோது கை கூசும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் நான் ஆசையைச் சொன்னதெல்லாம் அந்த ஒரு கிளாஸில்தான். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. இப்போது என்னத்தைக் கொடுத்துச் சொல்வது?

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரு நாளைக்கு ஒரே தே ஓ, நாலு மணிக்கு. மத்தியானச் சோறும் மாத்திரையும் உள்ளே போய் நேரமாகியிருக்கும், ராச்சாப்பாட்டுக்கும் இன்னும் நேரம் இருக்கும். நாலாவதற்குக் கால் மணி இருக்கும்போதே அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். நாலு மணிக்குக் கிளாஸைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சுவாள். நாளெல்லாம் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. தேத்தண்ணியின் அருமை அதைக் கலக்குகிற எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் எனக்கு மலைப்பாக இருந்தது. கெட்டிலைத் தேய்க்கும்போது அடியில் படிந்திருக்கிற வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிக் கையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலைதான் அது. மழையில் கரைந்து, ஊற்றில் இறங்கி, என் கெட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கெராங்குக்குள் இருக்கிற இரும்பு கடலிலிருந்து வருகிறது, கங்கோங்கில் இருப்பது மண்ணிலிருந்து. மனுஷ உடம்பில் இருக்கிற இரும்பையெல்லாம் திரட்டினால் ஒரு ஆணிதான் தேறுமாம். அந்த ஒரு ஆணியில் மாட்டித்தான் இத்தனை ஓட்டமும் சமையலும் சண்டையும் தொங்குகிறது. அதில் பாதி ஆணிகூட இல்லாமல் அவள் இரண்டு வருடம் ஒரு கடையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், என் கிண்டலுக்குச் சிரித்திருக்கிறாள். இதை நினைத்தால் அந்த மலையைவிட அவள்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தாள். வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கடையில் ஏதோ குறைகிற மாதிரி பட்டது. விசிறி ஓடுகிறது, ரேடியோ பாடுகிறது, எண்ணெய் பொரிகிறது. என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது. கட்டிகள் நான் காலையில் அடுக்கினபடி அப்படியே இருந்தன. மடமடச் சத்தம் இல்லை.

"ஐஸ் திங்கலையா நீ?"

அவள் கரண்டியை நிறுத்தி யோசித்தாள். "ஆமால்ல. தோணவே இல்லங்க. நாலஞ்சு நாளா இருக்கும்."

ஐஸுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டேன். இரும்பு குறைந்தவர்கள் சிலருக்கு ஐஸ், பச்சரிசி, மண் என்று வாய் கேட்குமாம், இரும்பு ஏறினால் அதுவாகவே நின்றுவிடுமாம். உடம்பு இரண்டு வருடமாக என் காதுக்குப் பக்கத்திலேயே மடமடவென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை வைத்து ஜோக் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று மாத முடிவில் பத்தும் ஏறியது, அதற்கு மேலும் கொஞ்சம் ஏறியது. ரத்தம் ஏற்ற வேண்டாம் என்றார்கள். தேதி கொடுத்தார்கள். "என்னா செஞ்சீங்க?" என்று டாக்டர் ஆச்சரியமாகக் கேட்டார். "நான் ஒன்னும் செய்யல டாக்டர், இவர்தான் தேத்தண்ணி குடுக்குறத நிறுத்துனாரு" என்று என்னைக் கைகாட்டினாள். பாராட்டா, புகாரா என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

ஆபரேஷன் அன்றைக்கு, கதவு சாத்திய பிறகு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எழுந்து போய், மெஷினில் ஒரு கப் சூடான தேத்தண்ணி பிடித்துக்கொண்டு வந்து என் கையில் திணித்தார். வெந்நீரில் தூளைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கட்டி போனது. அவள் வீட்டுக்கு வந்தாள். மாத்திரையை இன்னும் சில மாதம் தொடரச் சொல்லியிருந்தார்கள். முதல் நான்கைந்து நாள் கஞ்சியும் சூப்பும்தான் இறங்கியது. ஆறாம் நாள் சாயங்காலம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "மணி நாலாச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுப்படிக்கு ஓடினேன். தூளை அள்ளும்போது கை தயங்கியது. ஆறு மாதம் இந்தக் கைதானே அவள் ரத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது என்ற பயம் இன்னும் விடவில்லை. கொஞ்சமாகத் தூள் போட்டு, சீக்கிரமே வடிகட்டி, லேசாக ஒரு தே ஓ கலக்கிக்கொண்டு போனேன்.

அவள் குடிக்கவில்லை. கிளாஸை ஜன்னல் பக்கம், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் செய்கிற அதே மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க இது, சாயமே இல்ல. ஆஸ்பத்திரித் தேத்தண்ணி மாதிரி இருக்கு. போய் ஒழுங்காக் கலக்கிட்டு வாங்க."

நான் கிளாஸைப் பார்க்கவில்லை. நாலு மணி வெயில் கிளாஸைச் சுற்றியிருந்த அவள் விரல்களின் ஓரத்திலும் நுழைந்து வந்துகொண்டிருந்தது. ஐந்து விரலும் சிவப்பாக இருந்தன.

"என்னா பாத்துட்டு நிக்கிறீங்க?" என்று கிளாஸை நீட்டினாள். வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கொட்ட மனசில்லாமல் நின்றபடியே நானே குடித்தேன். அவள் சொன்னது சரிதான், சாயம் கம்மி. கெட்டிலில் மறுபடியும் தண்ணி வைத்துவிட்டு, தூள் டப்பாவைத் திறந்தேன்.